உரம் போட்டும் பட்டுப்போன வயல்

பூக்கும் பருவத்தில் செடியின் இலை மஞ்சளாகிறதா? உடனே இன்னொரு பிடி உரம்! பலரும் செய்வது இதுதான். செடிக்குப் பசி, சாப்பாடு போட்டால் சரியாகிவிடும் என்ற கணக்கு. ஆனால் மண்ணில் சத்து கொட்டிக் கிடந்தும் செடி பட்டினி கிடக்க முடியும். இந்தப் பாடத்தை விவசாய உலகம் படித்தது இங்கிலாந்தில், ஒரு வயல் கண்ணெதிரே பட்டுப்போன பிறகுதான்.

சத்துக்கணக்கு பிறந்த கதை

1840ல் ஜெர்மனியின் வேதியியல் அறிஞர் லீபிக் ஒரு புத்தகம் எழுதினார். பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சுவது மட்கை அல்ல, தாது உப்புகளைத்தான் என்று அதில் அடித்துச் சொன்னார். எந்தச் சத்து மிகவும் குறைவோ அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும் என்ற விதியும் அவர் பெயரால்தான் பிரபலமானது. உண்மையில் அவருக்கு முன்பே, 1828 வாக்கில், ஸ்பிரெங்கல் என்ற இன்னொரு ஜெர்மானியர் அதைச் சொல்லிவிட்டார்.

இதே காலத்தில் இங்கிலாந்தின் ஜான் லாஸ், பாஸ்பேட்டில் கந்தக அமிலம் ஊற்றி 'சூப்பர் பாஸ்பேட்' செய்து, 1842ல் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டே கில்பர்ட் என்ற வேதியியலாளரைச் சேர்த்துக்கொண்டு, ராதம்ஸ்டெட் என்ற தன் பண்ணையில் சோதனைகளைத் தொடங்கினார். தழைச்சத்து காற்றிலிருந்தே போதுமான அளவு கிடைத்துவிடும் என்பது லீபிக்கின் வாதம். இல்லை, அதையும் மண்ணில் போட்டால்தான் கோதுமை நன்றாக விளையும் என்று லாஸும் கில்பர்ட்டும் வயலிலேயே காட்டினார்கள். நிலக்கரியிலிருந்து விளக்கு வாயு எடுக்கும் ஆலைகளில் துணைப்பொருளாக வந்த அம்மோனியம் சல்பேட் இதற்குக் கை கொடுத்தது.

வோபர்ன் வயல்

ராதம்ஸ்டெட் மண் கனமான மண். மணற்பாங்கான நிலத்திலும் இதே பலன் கிடைக்குமா? இதைப் பார்க்க 1876ல் இங்கிலாந்தின் ராயல் வேளாண்மைச் சங்கம், பெட்போர்டுஷயரில் உள்ள வோபர்னில் சோதனை தொடங்கியது. ஒரு பகுதியில் ஆண்டுதோறும் கோதுமை, இன்னொரு பகுதியில் ஆண்டுதோறும் பார்லி. ஒவ்வொரு பாத்திக்கும் ஒவ்வொரு வகை உரம்.

முதல் சில ஆண்டுகள் அம்மோனியம் உப்பு போட்ட பாத்திகள் செழித்தன. பிறகு விளைச்சல் இறங்க ஆரம்பித்தது. 1890களில் பார்லி முளைத்தும் நிற்க முடியாமல் கருகியது. பயிர் இருந்த இடத்தில் களைதான் மிஞ்சியது. பக்கத்துப் பாத்தியில் தழைச்சத்தை சோடியம் நைட்ரேட்டாகப் போட்டிருந்தார்கள். அங்கே இந்தச் சீரழிவு இல்லை!

சங்கத்தின் வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் 1897ல் பட்டுப்போன பாத்திகளின் ஒரு பகுதியில் சுண்ணாம்பு போட்டுப் பார்த்தார். பார்லி திரும்ப எழுந்தது. உரம் அதே உரம், விதை அதே பயிர். மாறியது மண்ணின் புளிப்பு மட்டும்தான்.

என்ன நடந்தது?

அம்மோனியத்தை மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இது உயிர்கள் செய்யும் வேலை என்று 1877ல் பிரான்சின் ஷ்லோசிங்கும் மியூன்ட்ஸும் கண்டுபிடித்தார்கள். அந்த மாற்றத்தின்போது அமிலம் வெளிப்படுகிறது. அதை முறிக்க மண்ணில் சுண்ணாம்பு இல்லையென்றால், ஆண்டுக்கு ஆண்டு புளிப்பு ஏறும். புளிப்பு மிகுந்தால் களிமண்ணில் அடங்கிக் கிடக்கும் அலுமினியம் கரைந்து வேர்நுனியைத் தாக்கும். அலுமினியமும் இரும்பும் மணிச்சத்தைப் பிடித்துப் பூட்டிவிடும். சாப்பாடு தட்டில் இருக்கிறது, வாய்தான் கட்டப்பட்டிருக்கிறது!

அப்படியானால் ராதம்ஸ்டெட்டின் பிராட்பாக் வயலில் கோதுமை ஏன் சாகவில்லை? சோதனைகள் தொடங்குவதற்கு முன்பே, அங்கிருந்த பழைய விவசாயிகள் நிலத்தடியிலிருந்து சுண்ணக்கல்லைத் தோண்டி எடுத்து வயல்களில் ஏராளமாகப் பரப்பியிருந்தார்கள். பெயர் தெரியாத அந்த உழவர்களின் உழைப்புதான் பின்னால் வந்த விஞ்ஞானிகளின் பயிரைக் காத்தது. அதே பண்ணையில் 1856ல் தொடங்கிய 'பார்க் கிராஸ்' புல்வெளியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே அம்மோனியம் போட்டு, சுண்ணாம்பு போடாத பாத்திகளில் பி.எச் 4க்கும் கீழே போய், பல வகைச் செடிகள் இருந்த இடத்தில் இரண்டு மூன்று வகைகள்தான் தங்கின.

எண் வந்தது பீர் ஆலையிலிருந்து

மண் புளித்திருக்கிறது என்று சொல்லலாம், ஆனால் எவ்வளவு புளிப்பு? வோல்க்கர் காலத்தில் அதைச் சொல்ல ஒரு பொதுவான எண் இல்லை. 1909ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் சோரன்சன் 'பி.எச்' அளவை உருவாக்கினார். 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு எண் குறைந்தால் அமிலம் 10 மடங்கு கூடுகிறது என்று பொருள். 1934ல் அமெரிக்காவின் பெக்மன், எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளப்பதற்காக ஒரு மின்கருவி செய்தார். அதற்குப் பிறகு பி.எச் அளப்பது எளிதானது.

கோவையில் கதை வேறு

வோல்க்கருக்கு இந்தியாவோடும் தொடர்பு உண்டு. 1889ல் இங்கு வந்து ஊர் ஊராகச் சுற்றி, இந்திய விவசாயம் பற்றி எழுதிய அவருடைய அறிக்கை 1893ல் வெளியானது. பி.எச் பிறந்த அதே 1909ல் கோயம்புத்தூரில் ராதம்ஸ்டெட் பாணியில் நிரந்தர உரச் சோதனை வயல் தொடங்கியது. ஆனால் கோவை மண் சுண்ணாம்பு கலந்த கார மண். அங்கே போய் சுண்ணாம்பு போட்டால் வீண்! கார மண்ணில் சிக்கல் வேறு. இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டாது.

வோபர்ன் பழங்கதையாகிவிடவில்லை. சீனாவின் முக்கிய விளைநிலங்களில் 1980களுக்கும் 2000களுக்கும் இடையே பி.எச் சராசரியாக 0.5 அளவு இறங்கிவிட்டது என்று 2010ல் ஒரு ஆய்வு சொன்னது. முக்கியக் காரணம் அளவுக்கு மீறிய தழைச்சத்து உரம்.

வயலோ பூந்தொட்டியோ, மஞ்சள் இலை ஒரே நோயின் அடையாளம் அல்ல. உர மூட்டையைப் பிரிப்பதற்கு முன் மண்ணைச் சோதிக்க வேண்டும். ஒரு பார்லி வயல் செத்துப் பிழைத்துச் சொன்ன பாடம் இது.