கேஜிஎஃப் தங்கமும் காவிரி கரன்ட்டும்: மோதிக்கொள்ளும் அண்டை நாடுகள் வியாபாரம் செய்ய முடியுமா?

2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் பொருட்களுக்கு இந்தியா 200% வரி போட்டது. ஆகஸ்டில் பாகிஸ்தான் வர்த்தகத்தையே நிறுத்தியது. ஆனால் 2020 கல்வான் மோதலுக்குப் பிறகும் சீனாவோடு நம் வியாபாரம் கூடிக்கொண்டே போகிறது. ஏன் இந்த வித்தியாசம்? பதிலின் ஒரு பகுதி, கோலார் தங்கவயலின் பழைய கதையில் இருக்கிறது.

யாருக்கு யார் தேவைப்பட்டார்கள்?

தங்கம் மைசூர் சமஸ்தானத்தின் மண்ணில். தோண்டியது ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் மெட்ராஸ் மாகாணத்திலிருந்து போன தமிழர்கள். 1902-ல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரில் எடுத்த மின்சாரம் சுமார் 147 கி.மீ. கடந்து கேஜிஎஃப் வந்தது. பெங்களூருவுக்கே 1905-ல்தான் கரன்ட்!

சிக்கல் எங்கே?

கோடையில் ஆறு வற்றினால் மின்சாரமும் குறையும். தடையில்லாத மின்சாரம், பாசனம் இரண்டுக்காகவும் மைசூர் 1911-ல் கிருஷ்ணராஜசாகர் அணையைத் தொடங்கியது. தஞ்சை டெல்டாவுக்குத் தண்ணீர் குறையுமே என்று மெட்ராஸ் எதிர்த்தது. 1914-ல் நடுவர் தீர்ப்பு வந்தும், மெட்ராஸ் மேல்முறையீடு செய்தது. 1924 பிப்ரவரி 18-ல்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது. மைசூருக்கு அணை கிடைத்தது. மெட்ராஸும் மேட்டூர் அணையைக் கட்டி 1934-ல் முடித்தது.

இதில் என்ன பாடம்?

ஒருவரை ஒருவர் நம்பியிருந்ததால் பகை போய்விடவில்லை. காவிரிச் சண்டை இன்றும் ஓயவில்லை. ஆனால் எழுதிவைத்த விதி இருந்ததால், இரு பக்கமும் துணிந்து முதலீடு செய்ய முடிந்தது. ஒரு வித்தியாசத்தையும் மறக்கக் கூடாது: அன்று இருவருக்கும் மேலே பிரிட்டிஷ் அரசு இருந்தது. இரு நாடுகளுக்கு மேலே அப்படி ஓர் அதிகாரம் கிடையாது. அதனால் உறவை முறித்தால் தனக்கு எவ்வளவு நஷ்டம் என்ற கணக்குதான் வேலை செய்கிறது. சீன உதிரிபாகங்கள் நின்றால் நம் தொழிற்சாலைகள் தவிக்கும். பாகிஸ்தானோடு 2019-ல் அந்த அளவுக்கு வியாபாரம் இல்லை. அதனால் முறிப்பது சுலபம்.

லாபம் யாருக்குப் போனது?

மைசூருக்கு ராயல்டி, நிறுவனத்துக்குத் தங்கம். உயிரைப் பணயம் வைத்த தொழிலாளியைப் பேச்சுவார்த்தைக்கு யாரும் கூப்பிடவில்லை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பலர் இன்று விடியற்காலை ரயிலில் பெங்களூருவுக்கு வேலைக்குப் போகிறார்கள். ஆகவே, "வர்த்தகம் வளர்ச்சி தரும்" என்று யாராவது சொன்னால், "யாருக்கு?" என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.