இலங்கைச் சிசிலியன்

இலங்கைச் சிசிலியன் மண்ணுக்குள் வாழும் காலில்லாத ஈரூடகவாழி. இதன் விலங்கியற் பெயர் இக்தியோபிஸ் குளூட்டினோசஸ். கருநீல உடலின் இருபுறமும் மஞ்சட்கோடு ஓடும். கண்ணுக்கும் நாசிக்கும் இடையே உள்ள சிறு உணர்கொம்பால் இரையை மோப்பம் பிடிக்கும். மடுல்சீமை போன்ற ஊவாத் தோட்டங்களில் கானோரத்து ஈரமண் இதற்கு ஏற்ற இருப்பிடம். கண்டவர் பாம்பென்று அடித்துவிடுவதுண்டு.

அறிஞர்களும் முதலில் பாம்பென்றே கொண்டனர். 1758இல் லின்னேயஸ் இதைச் சிசிலியா குளூட்டினோசா எனப் பெயரிட்டுப் பாம்புகளோடு சேர்த்தார். 1826இல் பிட்ஸிங்கர் அமைத்த 'இக்தியோபிஸ்' என்ற சாதிப்பெயருக்கும் மீன்பாம்பு என்றே பொருள். 1831இல் யொஹான்னஸ் முல்லர், லெய்டன் அருங்காட்சியகத்தில் இருந்த ஓர் இளஞ்சிசிலியனின் கழுத்தில் செவுட்துளைகளைக் கண்டார். பாம்புக் குட்டிக்குச் செவுள் கிடையாது. இது ஈரூடகவாழியே என்பதற்கு அதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

முழு வாழ்க்கை வரலாறு இலங்கையிலேயே வெளிப்பட்டது. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த பவுல், பிரிட்ஸ் சரசின் இருவரும் 1880களில் இங்கு வந்து ஆராய்ந்தனர். ஓடைக்கரை வளையில் தாய் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காக்கும். முட்டைக்குள் இருக்கும் கருவுக்கு இறகு போன்ற நீண்ட செவுள்கள் உண்டு. பொரித்தபின் அவை உதிர்ந்துவிடும். குடம்பி நீரில் வளர்ந்து, உருமாறியபின் மண்ணுக்குள் புகும். சரசின்களின் இந்த அவதானிப்பு இன்றும் நிலைக்கிறது. அவர்கள் எடுத்த முடிவு நிலைக்கவில்லை. அமெரிக்காவின் அம்பியூமா என்னும் சிறுகாற் சலமந்தரோடு (சலமந்தர் வாலுள்ள ஈரூடகவாழி) சேர்த்து, சிசிலியன்களைச் சலமந்தர் வரிசையின் ஒரு கிளையாக அவர்கள் வைத்தனர். நீண்ட உடலின் ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாது. சலமந்தருக்கு நெருங்கிய உறவு தவளையே என்றும், சிசிலியன் அதற்கு முன்பே பிரிந்த தனிக்கிளை என்றும் இன்றைய மரபணு ஆய்வுகள் பெரும்பாலும் காட்டுகின்றன.

கால்கள் மறைந்த கதையை உயிர்ச்சுவடுகள் சொல்கின்றன. அரிசோனாவில் கிடைத்து 1993இல் விவரிக்கப்பட்ட யுராசிக் கால இயோசிசிலியாவுக்குச் சிறு கால்கள் இருந்தன. 2023இல் விவரிக்கப்பட்ட பங்கஸ்வேர்மிஸ் அதனினும் பழையது. ஏறத்தாழ 22 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது.

நெடுங்காலம் தென்கிழக்காசிய விலங்குகளுக்கும் குளூட்டினோசஸ் என்ற பெயரே வழங்கியது. 1960இல் எட்வர்ட் டெய்லர் அதை இலங்கை விலங்குக்கு மட்டும் உரியதாக்கினார். சூடாங்குலாரிஸ், ஓர்தோப்ளிகேற்றஸ் என்னும் மேலும் இரண்டு இனங்களை முறையே 1960இலும் 1965இலும் அவரே விவரித்தார். மூன்றும் இலங்கைக்கே உரியவை.