களையென்று எறிந்த கீரை

கண்டிச் சீமையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோப்பியையும் தேயிலையையும் பற்றி நிரம்ப எழுதியுள்ளனர், சிங்கோனாவுக்கும் இடமளித்துள்ளனர். தரையோடு தரையாய்ப் படரும் பருப்புக்கீரையைப் பொருட்படுத்தியோர் அரியர். ஆயினும் உழைப்பவர் வயிற்றின் வரலாறு இத்தகைய கீரைகளில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

செந்நிறத் தண்டும் நீர் நிறைந்த தடித்த இலையும் வெயிலில் மட்டும் விரியும் மஞ்சட் பூவும் கொண்டது இது. சிங்களவர் கெந்தகொள என்பர். கிளறிய மண்ணும் வெயிலும் இருந்தால் மரக்கறிப் பாத்தியிலும் வீட்டு வாசலிலும் தானே முளைக்கும். வறட்சியில் இரவெல்லாம் இலையில் அமிலம் சேர்வதால், காலையில் கிள்ளிய கீரை மாலையில் கிள்ளியதைவிடப் புளிக்கும். பருப்போடு கடைவது தமிழர் வழக்கம். தேங்காய்ப்பூச் சேர்த்து மல்லும் ஆக்குவது சிங்களவர் வழக்கம். இரண்டு அடுப்புக்கும் மண் ஒன்றே.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த இராபர்ட் நொக்ஸ், சோற்றோடு வெந்த இலையும் உப்பும் மிளகும் எலுமிச்சைச் சாறும் கிடைத்தால் அம்மக்கள் நல்ல உணவென்று கருதியதை எழுதினார். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், அக்குடியானவர் இலைபறித்த காட்டையும் சேனையையும் அரசின் சொத்தாக்கித் தோட்டத் துரைமாருக்கு வழிதிறந்தது. அங்கே உழைக்க, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வழியாக நடந்து வந்தனர் தமிழகத்து ஏழைகள்.

துரைமார் விரும்பியது புல்பூண்டற்ற வெறும் மண். மாதந்தோறும் களையெடுக்கக் கூலிக்கு ஆள் வைத்தனர். மலைமண் மழையோடு ஆற்றுக்குப் போயிற்று. மண் காப்புச் சட்டம் வந்தது 1951இல்தான்! பகலில் களையென்று பிடுங்கி எறிந்த கையே அந்தியில் அதைக் கறிக்கென்று கிள்ளியது. அரிசியோ தோட்டக் கணக்கில் கடனாக வந்து, சம்பளத்தில் கழிந்தது.

கீரை உண்பதில் நாணம் வேறு. குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் காணாதபடி வாயிலை அடைத்து உண்ட பாணர் குடும்பத்தைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகிறது. அமெரிக்க அறிஞர் தோரோ, தம் சோளக் கொல்லையில் பறித்த இதே பருப்புக்கீரையை உப்பிட்டு அவித்து உண்டதை 1854இல் பெருமையோடு நூலில் எழுதினார். அவர் விரும்பி ஏற்ற எளிமை அது. லயத்துப் பெண்ணுக்கு அந்த விருப்பம் எங்கே இருந்தது?

1986இல் அமெரிக்க ஆய்வாளர் இக்கீரையில் ஒமேகா-3 கொழுப்பமிலம் மிகுந்திருப்பதை எடுத்துக்காட்டிய பின் பணம் படைத்தோரும் இதைத் தேடுகின்றனர். நன்று. ஆனால் கீரை அரிசிக்கு ஈடாகாது. 1973, 74ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் அருகியபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. ஏழைக்குக் கீரை போதும் என்று உபதேசிப்போர் இதை மறத்தலாகாது. ஆக்சாலிக் அமிலம் மிகுதியாதலால் சிறுநீரகக் கல் உள்ளோர் அளவோடு உண்பதே நன்று.

இன்று களையெடுப்பைப் பெரிதும் நஞ்சு செய்கிறது. 2015இல் தடைசெய்யப்பட்ட கிளைபோசேட், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எந்த மலைக்கு என்று மருந்தடித்தார்கள் என்பதைக் கீரை கிள்ளப் போகிறவளுக்கு முன்கூட்டியே சொல்லும் கடமை தோட்ட நிருவாகத்துக்கு உண்டு. லயத்தின் பின்புறத்து நிலத்துண்டு அவள் பெயரிலேயே இருந்தால், கீரைக்காக அவள் அந்த மலைக்கே போகவேண்டியதில்லை.