வயலுக்குத் திரும்பிய வண்டல்

மயிலாடி என்றதும் நம் நினைவுக்கு வருவது கல். சிற்பிகளின் உளியோசையும், 1809இல் ரிங்கல்தௌபே எழுப்பிய தேவாலயமும் அவ்வூரின் வரலாறாகிவிட்டன. அவ்வூரைச் சூழ்ந்த மண்ணின் வரலாற்றை நாம் அவ்வளவாக எழுதி வைக்கவில்லை.

நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் விளைந்தது. ஒவ்வொரு அறுவடையும் மண்ணின் சத்தை அள்ளிச் சென்றது. மழைநீர் அரித்து வந்த நுண்மண்ணும் சருகும் சாணமும் குளத்தடியில் வண்டலாகப் படிந்தன. கோடையில் உழவர் அதை வெட்டி வண்டியில் வயலுக்குக் கொண்டுசென்றனர். வயலுக்கு உரமாயிற்று, குளமும் ஆழம் பெற்றது.

1906இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணை பாசனத்துக்கு உறுதி தந்தது. பசுமைப் புரட்சிக்குப் பின் மூட்டை உரம் வந்தது. வண்டல் வண்டிகள் குறைந்தன. சுழற்சி ஒருவழிப் பாதையாயிற்று. வயலில் மிஞ்சிய தழைச்சத்தும் மணிச்சத்தும் குளத்தில் இறங்கினால் ஆகாயத்தாமரை செழிக்கும். அது மடிந்து உயிர்வளியற்ற சேற்றில் அழுகினால் மீத்தேன் எழும். வெப்பம் கூடக்கூட அதுவும் கூடும். அதே சேறுதான் மட்காத கரியைப் பூட்டி வைக்கும் பெட்டகமும்.

2017இல் குளத்து வண்டலை உழவர் கட்டணமின்றி எடுக்கத் தமிழக அரசு வழிசெய்தது. 2022இல் அருகிலுள்ள சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. பறவைக்குச் சேறும் வேண்டும், வயலுக்கு வண்டலும் வேண்டும். எவ்வளவு எடுப்பது, எங்கே நிறுத்துவது என்னும் அளவறிவையே நம் முன்னோரிடமிருந்து நாம் மீட்டாக வேண்டும்.