எழுத்தும் பேச்சும்: வட்டுக்கோட்டைச் செமினரி காட்டும் பயிற்றுநெறி

முன்னுரை

பினாங்குத் தீவின் கீழ்க்கரையில், ஜோர்ஜ் டவுன் நகர மையத்திற்குத் தெற்கே அமைந்தது ஜெலுத்தோங். அதன் மேற்கே கிரீன் லேன் சாலையில் பினாங்கு ஃபிரீ ஸ்கூலும், தெற்கே குளுகோரில் 1969இல் நிறுவப்பெற்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் உள்ளன. ஃபிரீ ஸ்கூல் 1816இல் தொடங்கப்பெற்று, 1928இல் இவ்விடத்திற்கு மாறியது. அப்பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பை முன்னிட்டே மலேசியத் தமிழ்க்கல்வியின் வரலாறு 1816லிருந்து கணக்கிடப்பெறுகிறது.

ஜெலுத்தோங் வட்டாரத்து மாணவர் ஒருவர் தமிழ்ப்பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் வரை செல்லும் தொலைவு சிறிது. அவர் கடக்கும் மொழித்தொலைவோ பெரிது. ஆறாண்டுகள் தமிழ்வழி பயின்றபின் இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியும், உயர்கல்வியில் ஆங்கிலமும் அவர்க்குச் சிந்தனைக் கருவிகளாகின்றன. தமிழில் அவர் மேடையேறுவது பெரும்பாலும் பேச்சுப்போட்டிக்காகவே. அதுவும் மனனம் செய்த உரையோடு நின்றுவிடுகிறது. கல்லூரி முதலாண்டுக் கருத்தரங்க வகுப்பில் தம் கருத்தைத் தமிழில் எழுதி, பிறர் மறுப்புக்கு விடை கூறும் நிலை வரும்போது அவர் தடுமாறுவதில் வியப்பில்லை. இச்சிக்கலுக்குத் தமிழ்க்கல்வி வரலாறு தரும் விளக்கத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்னூல் வகுத்த பங்கீடு

13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், கற்றலை நான்கு பங்காக்கிக் காண்கிறது. ஆசிரியரிடம் கேட்டு நன்கு உளங்கொண்டாலும் மாணவர் பெறுவது காற்பங்கே. உடன்பயில்வாரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கு கைவரும். எஞ்சிய அரைப்பங்கு, தாம் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதால் நிறைவுறும். வகுப்பறையில் ஆசிரியர் பேசுவதற்கும் மாணவர் பேசுவதற்கும் நாம் இன்று ஒதுக்கும் நேரத்தை இப்பங்கீட்டோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும்.

வட்டுக்கோட்டைச் செமினரி

தமிழ்மக்களிடையே கல்லூரி நிலையில் எழுந்த முன்னோடி நிறுவனங்களுள் ஒன்று யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரி. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் இதனைத் தொடங்கினர். டேனியல் பூவர் இதன் முதல் அதிபர். செமினரி, செமினார் ஆகிய இருசொற்களும் நாற்றங்கால் என்னும் பொருளுடைய ஒரே இலத்தீன் சொல்லின் வழியாக வந்தவை. ஈண்டு ஆங்கிலமும் தமிழும் ஒருசேரக் கற்பிக்கப்பெற்றன. கணிதம், வானியல், மெய்யியல் முதலியனவும் இடம்பெற்றன. சர் எமர்சன் டென்னன்ட் 1850இல் வெளியிட்ட தம் நூலில் இதனை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பவைத்துப் போற்றினார்.

இங்குப் பயின்றோரின் எழுத்துப்பணி, அவர்கள் பெற்ற பயிற்சியின் தன்மையை உணர்த்துகிறது. 1841இல் தமிழும் ஆங்கிலமும் கலந்து வெளிவரத் தொடங்கிய 'உதயதாரகை' இதழின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய இருவரும் செமினரியில் பயின்றவர்களே. கறல் விசுவநாதபிள்ளை 'வீசகணிதம்' என்னும் நூலை எழுதினார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 'நியாய இலக்கணம்' வாயிலாகத் தருக்கவியலைத் தமிழில் தந்தார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' வெளியிட்டார். சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். இவர்களது உரைநடை மதிப்பெண்ணுக்காக எழுதப்பட்டதன்று. படிப்போரையும் மறுப்போரையும் எதிர்நோக்கி எழுதப்பட்டது. ஒரு மொழியில் கற்றதை மறுமொழியில் விளக்கவேண்டிய தேவையே அவ்வுரைநடைக்குத் தெளிவு நல்கியது எனக் கருத இடமுண்டு.

பேச்சுக்கலையின் பரவல்

அக்காலத்து மிஷனரிக் கல்வியின் விளைவு அதனைத் தோற்றுவித்தோரின் நோக்கத்தோடு நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பின்னர் அச்சுக்கூடமும் அமைத்தார். மிஷனரிமார் கையாண்ட பிரசங்கம், அச்சு, பள்ளி ஆகிய மூன்றையும் அவர் சைவத்திற்காகக் கையாண்டார். ஒருவர்க்கு அளித்த சொல்லாற்றல், அளித்தவரையே மறுக்கவும் பயன்படும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பினாங்கிலும் இத்தகைய எழுத்துக்களம் உருவானது. நாகூர் குலாம் காதிறு நாவலர் 1883இல் இங்கிருந்து 'வித்தியா விசாரிணி' இதழை நடத்தினார். கற்றோர் தம் கருத்தைப் பொதுமன்றில் வைக்கும் மரபு இத்தீவுக்குப் புதியதன்று.

செமினரியின் முடிவு

1855இல் செமினரி மூடப்பெற்றது. ஆங்கிலக்கல்வி மாணவரை அரசுப்பணிக்கு ஈர்ப்பதாகவும், சமயப்பணிக்குத் தாய்மொழிக்கல்வியே ஏற்றதெனவும் அமெரிக்கச் சபையின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் முதலியோர் கருதினர். அவ்விடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது 1872இல்தான். தாய்மொழியின் பெயரால் மூடப்பெற்ற அந்நிறுவனமே தமிழ் உரைநடைக்கு ஆற்றல்மிக்க எழுத்தாளர்களை வழங்கியிருந்தது. மொழிகளுள் ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றை விலக்குவதால் மட்டும் மொழித்திறன் வளர்ந்துவிடாது என்பதே இதனால் பெறப்படும்.

முடிவுரை

மலேசியத் தமிழ் மாணவர்தம் மும்மொழிச் சூழலைக் குறையாகவே நாம் கருதி வந்துள்ளோம். வட்டுக்கோட்டை அனுபவம் அதனை வளமாகக் கொள்ள வழிகாட்டுகிறது. முதலாண்டுக் கருத்தரங்க வகுப்பில் மாணவர் ஒருவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ படித்த செய்தியைத் தமிழில் இரு பக்கங்களில் எழுதலாம். அதனை உடன்பயில்வார் முன் வாசித்து, அவர்தம் வினாக்களுக்குத் தாளைப் பாராது விடையளித்து, பின்னர்த் திருத்தி எழுதலாம். திருத்திய கட்டுரை துறை இதழிலோ நாளிதழிலோ வெளிவர ஆசிரியர் துணைநிற்றல் வேண்டும். இதற்குப் பெரும்பொருட் செலவு வேண்டுவதில்லை. ஆசிரியர் தம் பேச்சைக் குறைத்துக்கொள்ளுதல் ஒன்றே வேண்டுவது. நன்னூலார் மாணவர்க்கென ஒதுக்கிய அரைப்பங்கை அவர்க்கே அளிப்பின், போட்டி மேடையோடு நின்றுவிடும் தமிழ் ஆய்வுமன்றிலும் ஒலிக்கும்.