ஓர் இழையில் இரு முடி: ரிலாக்சரிலிருந்து மீண்டவர்களின் வரலாறு

ரிலாக்சர் எனப்படும் முடி நேராக்கும் பசையைக் கைவிட்ட ஒரு கறுப்பினப் பெண்ணின் தலையில், சில மாதங்கள் கழித்து, ஒரே இழையில் இருவகை முடி இருக்கும். வேரை ஒட்டிய பகுதி பிறவிச் சுருளோடு வளர்ந்திருக்கும். எஞ்சிய பழைய முடி நேராகத் தொங்கும். இரண்டும் சந்திக்கும் இடமே இழையின் மிக நலிந்த பகுதி. சீப்பு பட்டால் அங்கேதான் முடி ஒடியும். இந்த இடைக்காலத்தைக் கடக்க அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கு எந்த வழிகள் திறந்திருந்தன என்பதில் வேலையிடத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பெரும் பங்குண்டு.

இச்சிக்கலின் வேர் வேதியியலில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய சூட்டுச் சீப்பு, முடிப் புரதமான கெரட்டினின் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தற்காலிகமாகக் கலைத்தது. தலை நனைந்தால் முடி மறுபடி சுருண்டது. சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற வன்காரமோ, டைசல்பைடு பிணைப்புகளையே உடைத்து, பழைய நிலைக்குத் திரும்ப இயலாத வேறு பிணைப்புகளாக மாற்றிவிடுகிறது. எனவே ரிலாக்சர் பட்ட முடி மீண்டும் சுருளாது. மாதம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும் புதுமுடிக்காகக் காத்திருக்க வேண்டும். அல்லது நேரான பகுதி முழுவதையும் ஒரே நாளில் வெட்டிவிட வேண்டும்.

கிளீவ்லாந்தில் தையல் இயந்திரம் பழுதுபார்த்துவந்த காரெட் மார்கன், 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் முடி நேராக்கும் களிம்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பின்னர் கறுப்பின ஆண்களிடையே ‘காங்க்’ என்னும் பாணி பரவியது. வன்காரம், முட்டை, உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் கலந்த பசை தன் தலைத்தோலை எரித்த அனுபவத்தை, 1965இல் வெளிவந்த தன்வரலாற்றில் மால்கம் எக்ஸ் விவரித்துள்ளார். அதைத் தன்னிழிவை நோக்கித் தாம் எடுத்துவைத்த பெரிய அடியாகவே அவர் கருதினார். 1954இல் சிகாகோவில் ஜார்ஜ் ஜான்சன் தொடங்கிய நிறுவனம், முதலில் ஆண்களுக்கும் பிறகு பெண்களுக்கும் ரிலாக்சரைப் பெருமளவில் விற்றது.

1960களின் கறுப்பின எழுச்சி ஆஃப்ரோவைப் பெருமையின் அடையாளமாக்கியது. அன்று மீள்வதற்குக் கத்தரிக்கோலே நேர்வழி. ஆஃப்ரோ குட்டையாகவும் இருக்கலாம் என்பதால், நேர்முடியை வெட்டியெறிந்தவர் வெட்டிய தலையோடு வெளியே வரக் கூச வேண்டியதில்லை. சந்தையும் உடனே தன்னை மாற்றிக்கொண்டது: ரிலாக்சர் விற்ற ஜான்சனின் நிறுவனமே ‘ஆஃப்ரோ ஷீன்’ விற்கத் தொடங்கியது. 1976இல் ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆஃப்ரோ முடியின் காரணமாகப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது என்ற புகாரை இனப்பாகுபாட்டுப் புகாராக ஏற்றுக்கொண்டது.

வெட்ட விரும்பாதவருக்கு இன்னொரு வழி உண்டு: பின்னல். தலைத்தோலோடு ஒட்டிய பின்னல்கள் சுருளையும் நேரையும் ஒன்றாகக் கட்டிவைத்து, நலிந்த இடம் ஒடியாமல் காக்கின்றன. அந்த வழிக்குச் சட்டத்தின் ஆதரவு கிடைக்கவில்லை. 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் பின்னல் தடையை எதிர்த்து ஒரு பெண் ஊழியர் தொடுத்த வழக்கில், நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே நின்றது. ஆஃப்ரோ இயற்கையாக வளர்வது. பின்னலோ செயற்கையானது, எளிதில் மாற்றத்தக்கது என்பது நீதிமன்றத்தின் தர்க்கம். பணி நேரத்தில் பின்னல்களைக் கொண்டையாக முடிந்து அதன்மேல் சவுரி வைத்துக்கொள்ளலாம் என்று நிறுவனம் யோசனை கூறியிருந்தது. அதனால் கடும் தலைவலி வருகிறது என்றார் அவர். இன்னும் பெரிய சவுரியைப் பயன்படுத்தலாமே என்பதே நீதிமன்றத்தின் பதில்.

இத்தீர்ப்பு முடியைக் காலத்தில் உறைந்த பொருளாகக் கண்டது. பிறப்பில் அமைந்தது ஒருபுறம், கையால் செய்தது மறுபுறம் என்ற பகுப்பில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்க்கொண்டிருக்கும் தலைக்கு இடமில்லை. பின்னலுக்குத் தடை இருந்த வேலையிடத்தில் ரிலாக்சரை விட நினைத்த பெண்ணுக்கு மூன்று வழிகளே எஞ்சின: குட்டையாக வெட்டுவது, சவுரியால் மறைப்பது, அல்லது மீண்டும் பசையைத் தடவுவது. மூன்றாவதைப் பற்றி எந்த மேலாளரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

அந்தப் பசைக்கு உடல் கொடுத்த விலை மெல்லத்தான் தெரியவந்தது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2022இல் முடிவுகளை வெளியிட்டனர். முடி நேராக்கும் வேதிப்பொருள்களைப் பயன்படுத்தாதவர்கள் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய்க்கு ஆளாகும் வாய்ப்பு 1.64 விழுக்காடு, ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு அது 4.05 விழுக்காடு. இது காரணத்தை நிறுவும் ஆய்வு அன்று, தொடர்பைக் காட்டும் ஆய்வே. ஆயினும் அந்த ஆய்வில் இவற்றைப் பயன்படுத்தியதாகக் கூறியோரில் சுமார் 60 விழுக்காட்டினர் கறுப்பினப் பெண்கள் என்பதை ஒதுக்கிவிட முடியாது.

2019இல் கலிஃபோர்னியா மாநிலம் இயற்றிய கிரௌன் சட்டம், முடியின் தன்மையை இனத்தோடு தொடர்புடைய பண்பாக ஏற்றது. அத்துடன் பின்னல், முறுக்கு, சடைத்திரி போன்றவற்றைக் ‘காப்புச் சிகையலங்காரங்கள்’ என்று பெயர் சொல்லிச் சேர்த்தது. பிற மாநிலங்கள் பலவும் அதைப் பின்பற்றின. 1981இல் செயற்கை என்று ஒதுக்கப்பட்ட பின்னல், முடியைக் காக்கும் வழி என்ற பெயரிலேயே சட்டத்துக்குள் நுழைந்தது. வெட்டாமல், மறைக்காமல், முடி வளரும் வேகத்திலேயே மீள்வதற்கான அவகாசத்தை ஒரு மாநிலச் சட்டம் உரிமையாக எழுதிவைக்க, அத்தீர்ப்புக்குப் பின் 38 ஆண்டுகள் பிடித்தன.