திண்ணையல்ல, உள்வீடு

தனியே பயணம் போகும் பெண்ணுக்குப் பகலைவிட இரவுதான் எப்போதும் பெரிய சிக்கல். பகலில் கூட்டத்தோடு நடக்கலாம், கப்பலேறலாம், வண்டி பிடிக்கலாம். பொழுது சாய்ந்தால் தங்க ஓர் இடம் வேண்டும். ஆண் வழிப்போக்கன் திண்ணையில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வான். சத்திரத்தின் ஒரு மூலையும் அவனுக்குப் போதும். பெண்ணுக்கு உள்வீடு வேண்டும். உள்வீட்டுக்கு வரச்சொல்ல அந்த வீட்டுப் பெண்தான் மனம் வைக்க வேண்டும். அயல்நாட்டிலிருந்து வரும் ஒருத்தியை இன்னொருத்தி தன் வீட்டில் தங்கவைக்கும் வழக்கம் இந்தத் தேவையிலிருந்தே வளர்ந்தது.

இதற்கு மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எகேரியா என்ற கிறித்தவப் பெண் ரோமப் பேரரசின் மேற்குப் பகுதியிலிருந்து புறப்பட்டு, கி.பி. 381 முதல் 384 வரையிலான ஆண்டுகளில் ஜெருசலேம், சீனாய், எடெசா என்று சுற்றினார். பார்த்தவற்றையெல்லாம் ஊரிலிருந்த தன் 'சகோதரிகளுக்கு' லத்தீன் மொழியில் கடிதமாக எழுதினார். ஆபத்தான வழிகளில் ரோமப் படைவீரர்கள் துணைக்கு வந்தார்கள். மடங்களில் துறவியர் இடம் கொடுத்தார்கள். திரும்பும் வழியில், இன்றைய துருக்கியின் தென்கரையிலுள்ள செலூக்கியாவில், புனித தெக்லாவின் கோயிலருகே மர்தானா என்ற பெண் திருத்தொண்டரைச் சந்தித்தார். அங்கிருந்த கன்னியர் மடங்களை நடத்திவந்தவர் அவர். இருவருக்கும் ஜெருசலேமிலேயே பழக்கம் இருந்தது. எகேரியா அங்கே 2 நாள் தங்கினார். வழியெல்லாம் எத்தனையோ ஆயர்களையும் துறவிகளையும் பார்த்தவர், இந்தச் சந்திப்பைப் பற்றி எழுதும்போதுதான் மகிழ்ச்சியை அடக்க முடியாதவராகத் தெரிகிறார். அவருடைய கடிதத்தின் கையெழுத்துப் பிரதி 1884இல் இத்தாலியின் அரெட்சோ நகரில் கண்டெடுக்கப்பட்டது.

அதன்பின் பல நூற்றாண்டுகளுக்கு ஐரோப்பியப் பெண் பயணிக்குக் கன்னியர் மடமும் ஓர் உள்வீடாக இருந்தது. தனியே போகும் பெண்ணுக்கு மடத்துக்கு வெளியே தங்க இடம் தேடுவது 19ஆம் நூற்றாண்டிலும் எளிதாக இல்லை. வியன்னாவைச் சேர்ந்த ஈடா ஃபைஃபர், மகன்கள் தலையெடுத்த பிறகு, 1842இல் தம் 44ஆம் வயதில் புனித நாடுகளுக்குத் தனியே கிளம்பினார். ஊராரின் வாயை மூட அவர் சொன்ன காரணம் கான்ஸ்டான்டிநோபிளில் இருக்கும் ஒரு தோழியைப் பார்க்கப் போகிறேன் என்பது. தோழி வீட்டுக்குப் போகிறாள் என்றால் ஊர் பொறுத்துக்கொள்ளும். உலகைப் பார்க்கப் போகிறாள் என்றால் பொறுக்காது. பிறகு அவர் 2 முறை உலகைச் சுற்றினார். 1847இல் இலங்கையும் சென்னையும் அவர் வழியில் வந்தன. அறிமுகக் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு தூதரகத்தார், வணிகர் வீடுகளில் தங்கியே இந்தப் பயணங்களை முடித்தார். பெண் என்பதால் லண்டன் புவியியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்கவில்லை. பெர்லின் கழகம் கௌரவ உறுப்பினராக்கிக்கொண்டது.

இந்த வரலாற்றில் மனத்தை மிகவும் தொடும் பகுதி ஒரு மராத்தியப் பெண்ணுடையது. கல்யாணில் 1865இல் பிறந்த ஆனந்திபாய் ஜோஷிக்கு 9 வயதில் திருமணம். 14 வயதில் பிறந்த குழந்தை 10 நாளில் இறந்தது. பெண்களுக்குப் பெண் மருத்துவர் இல்லாத குறை அவரை அன்றிலிருந்து விடவில்லை. தபால் துறையில் எழுத்தராக இருந்த கணவர் கோபால்ராவ், மனைவியை அமெரிக்காவில் படிக்கவைக்க உதவி கேட்டு 1880இல் ராயல் வைல்டர் என்ற மிஷனரிக்கு எழுதினார். வைல்டர் அந்தக் கடிதத்தைத் தம் இதழில் வெளியிட்டார். மதம் மாறினால் உதவலாம் என்ற அவருடைய யோசனையைத் தம்பதியர் ஏற்கவில்லை. கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நியூஜெர்சி மாநிலத்தின் ரோசெல் ஊரில், பல் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்த தியோடிசியா கார்ப்பென்டர் என்ற பெண்ணின் கண்ணில் அந்த இதழ் பட்டது. அவர் இந்தியாவுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கா வந்தால் தம் வீட்டில் தங்கலாம் என்றார்.

ஏறத்தாழ 3 ஆண்டுகள் கடிதம் போய்வந்தது. கல்கத்தாவில் ஆனந்தியின் உடல் நலிந்து, காய்ச்சலும் தலைவலியும் மூச்சிறைப்பும் வாட்டியபோது கார்ப்பென்டர் அமெரிக்காவிலிருந்து மருந்து அனுப்பினார். நேரில் பார்க்காமலே இருவருக்கும் உறவுமுறை சொல்லி எழுதும் நெருக்கம் வந்துவிட்டது. அமெரிக்கா போவதைச் சாதிக்காரர்கள் எதிர்த்தார்கள். செராம்பூர் கல்லூரி மண்டபத்தில் 1883 பிப்ரவரியில் ஆனந்தி எழுந்து நின்று, இந்துவாகவே போய் இந்துவாகவே அங்கு வாழ்வேன் என்று அறிவித்தார். கணவர் உடன் செல்லவில்லை. நகைகளை விற்றுப் பணம் சேர்த்து, அந்த ஏப்ரலில் கல்கத்தாவில் கப்பலேறினார். கூட வந்தவர்கள் சில மிஷனரிப் பெண்கள் மட்டுமே. ஜூன் மாதம் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது அவருக்கு 18 வயது. அழைத்துப்போகக் கார்ப்பென்டர் வந்திருந்தார்.

அந்தக் கோடையை ரோசெல் வீட்டில் கழித்தார். விருந்தோம்பலில் மிகக் கடினமான பகுதியைக் கார்ப்பென்டர் செய்தார்: வந்தவளை மாற்ற முயலவில்லை. சேலை சேலையாகவே இருந்தது, சைவ உணவு சைவமாகவே இருந்தது, வழிபாட்டில் யாரும் தலையிடவில்லை. வைல்டர் முன்வைத்த விலையை இந்த வீடு கேட்கவில்லை. பிறகு பிலடெல்பியாவில், பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியின் முதல்வர் ரேச்சல் பாட்லி அவரைப் பொறுப்பேற்றுக்கொண்டார். 1886 மார்ச் 11 அன்று ஆனந்தி மருத்துவப் பட்டம் பெற்றார். குளிரும் காசநோயும் அதற்குள் உடலைத் தின்றுவிட்டன. தாயகம் திரும்பி, 1887 பிப்ரவரி 26 அன்று புனேயில் இறந்தார். 22 வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. அவருடைய அஸ்தி கார்ப்பென்டருக்கு அனுப்பப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் பொக்கீப்சி இடுகாட்டில், தம் குடும்பத்தாருக்கான நிலத்திலேயே அவர் அதை அடக்கம் செய்தார். விருந்தாளியாக வந்தவர் அந்த வீட்டு மனிதராகவே கல்லறையில் இடம்பெற்றார்.

எல்லா வீடும் இப்படி இல்லை. அதே 1883இல் இங்கிலாந்து சென்ற பண்டித ரமாபாய், வாண்டேஜ் நகரின் ஆங்கிலிக்கக் கன்னியர் மடத்தில் தங்கினார். அந்த ஆண்டே ஞானஸ்நானமும் பெற்றார். பிறகு செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் டொரோத்தியா பீலின் அரவணைப்பு கிடைத்தது. ஆனால் எதை நம்ப வேண்டும், யாருக்குப் பாடம் சொல்லலாம் என்பதிலெல்லாம் திருச்சபையாரின் கண்டிப்பு அவரைத் தொடர்ந்தது. ரமாபாய் விட்டுக்கொடுக்காமல் வாதாடினார். அன்போடு தரப்பட்ட கூரைக்கும் நிபந்தனை உண்டு என்பதை அவர் அளவுக்கு எதிர்த்துப் பேசியவர்கள் குறைவு. ஆனந்தியின் பட்டமளிப்பைக் காணவே அவர் 1886இல் அமெரிக்கா சென்றார். அங்கே உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலை குறித்து அவர் எழுதிய நூலுக்கு முன்னுரை தந்தவர் ரேச்சல் பாட்லி.

தனித்தனி வீடுகளின் நல்லெண்ணத்தை அமைப்பாக மாற்றும் வேலை இதற்கு முன்பே தொடங்கியிருந்தது. கிரிமியப் போருக்குப் போய்வரும் செவிலியர் தங்குவதற்காக மேரி ஜேன் கின்னெர்ட் 1855இல் லண்டனில் ஒரு விடுதி திறந்தார், ஒய்.டபிள்யூ.சி.ஏ. இயக்கத்தின் வேர்களில் அது ஒன்று. 1885இல் லண்டனில் உருவான பயணியர் உதவிச் சங்கத்தின் பெண்கள் ரயில் நிலையங்களிலும் துறைமுகங்களிலும் நின்று, தனியே வந்திறங்கும் பெண்களை நல்ல தங்குமிடத்தில் சேர்த்தார்கள். இதற்குத் தேவை இருந்தது. நியூயார்க்கில் ஹாஃப்மன் ஹவுஸ் விடுதி, ஆண்துணை இல்லையென்று ஹாரியட் ஸ்டாண்டன் பிளாட்ச் என்ற பெண்ணுக்கு உணவு பரிமாற மறுத்தது 1907இல்தான். அவர் வழக்குப் போட்டும் வெல்லவில்லை.

முதல் உலகப் போர் முடிந்ததும் படித்த பெண்கள் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். 1918இல் பிரிட்டிஷ் கல்விக் குழுவோடு அமெரிக்கா சென்ற ஆங்கிலப் பேராசிரியர் கரோலின் ஸ்பர்ஜனும் நியூயார்க் பர்னார்டு கல்லூரியின் வர்ஜினியா கில்டர்ஸ்லீவும் நண்பர்களானார்கள். 1919இல் பல்கலைக்கழகப் பெண்களின் சர்வதேசக் கூட்டமைப்பு பிறந்தது. ஒரு நாட்டு ஆராய்ச்சியாளர் இன்னொரு நாட்டு நகரில் கௌரவமாகத் தங்கிப் படிக்க வேண்டும் என்பது அதன் முக்கியக் கனவுகளில் ஒன்று. பாரிசில், அமெரிக்கப் பெண் கலைஞர்களுக்காக 1893இல் எலிசபெத் மில்ஸ் ரீட் தொடங்கிய இல்லம் 1920களில் பல்கலைக்கழகப் பெண்களின் கைக்கு வந்தது. லண்டனில், 15ஆம் நூற்றாண்டுக் கம்பளி வணிகர் ஒருவர் கட்டிய கிராஸ்பி மண்டபம் கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டு 1910இல் செல்சியில் மீண்டும் எழுப்பப்பட்டிருந்தது. அதையொட்டிப் புதுக் கட்டடம் சேர்த்து 1927இல் பெண் அறிஞர்களின் விடுதியாக்கினார்கள். நாஜி ஆட்சியில் வேலையும் நாடும் இழந்த பெண் அறிஞர்கள் 1930களில் அங்கே வந்து தங்கினார்கள். சாரணியர் இயக்கமும் இதே வழியில் சென்றது. ஹெலன் ஸ்டோரோவின் கொடையால் 1932இல் சுவிட்சர்லாந்தின் அடெல்போடனில் ஒரு சர்வதேச இல்லம் எழுந்தது. 1966இல் புனேயில் 'சங்கம்' என்ற இன்னொரு இல்லம் திறக்கப்பட்டது.

இந்த வழக்கம் விடுதியிலிருந்து மீண்டும் வீட்டுக்குத் திரும்பியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1949இல் டென்மார்க்கில் தொடங்கிய 'செர்வாஸ்' சமாதான இயக்கம் ஆண், பெண் இருபாலாருக்குமானது. பயணியை நேர்காணல் செய்து அறிமுகக் கடிதம் கொடுப்பார்கள். அதைக் காட்டினால் உறுப்பினர் வீட்டில் வழக்கமாக 2 இரவு காசில்லாமல் தங்கலாம். பெண்களுக்கு மட்டுமான வடிவம் 1984இல் வந்தது. பிரிட்டனில் பிரான்சஸ் அலெக்சாண்டர் தொடங்கிய அந்த அமைப்பின் பெயர், உலகெங்கும் பெண்கள் பெண்களை வரவேற்கிறார்கள் என்று பொருள்படும். ஆங்கிலப் பெயரின் ஐந்து சொற்களைச் சுருக்கி '5டபிள்யூ' என்பார்கள். உறுப்பினர் பட்டியலைப் பார்த்து, போக விரும்பும் ஊர்ப் பெண்ணுக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். எழுதியவளுக்கு இடம் தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஒரு வேளை சாப்பாட்டோடும், ஊரைச் சுற்றிக்காட்டுவதோடும் முடித்துக்கொள்ளலாம். 'இப்போது முடியாது' என்று சொல்லும் உரிமையை வீட்டுப் பெண்ணுக்கு வெளிப்படையாகத் தந்தது இந்த அமைப்பின் சிறந்த ஏற்பாடு. உள்வீட்டின் சுமை யார் தலையில் விழும் என்பதைத் தெரிந்தவர்கள் வகுத்த விதி அது.

2004இல் வந்த கவுச்சர்ஃபிங் தளம் இந்த வழக்கத்தை இளைஞர்களிடம் பரப்பியது. அறிமுகக் கடிதத்தின் இடத்துக்கு, முன்பு தங்கிப்போனவர்கள் எழுதும் குறிப்புகள் வந்தன. இருபாலாரும் கலந்த இடம் என்பதால் பெண்கள் பெண்களிடம் மட்டுமே இடம் கேட்பது அங்கே தானாகவே ஒரு வழக்கமாயிற்று. 2020இல் அந்தத் தளம் பல நாடுகளில் உறுப்பினர் கட்டணம் கேட்கத் தொடங்கியது. இன்று பெண்களுக்கு மட்டுமான இணையக் குழுக்களும் இதே ஏற்பாட்டைச் செய்கின்றன. தங்குவதற்குப் பணம் வாங்குவதில்லை. வரப்போகிறவளும் வரவேற்கப்போகிறவளும் புறப்படுவதற்கு முன் ஒருவரையொருவர் காணொளி அழைப்பில் பார்த்துக்கொள்கிறார்கள். ரோசெலுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே 3 ஆண்டு நடந்த கடிதப் போக்குவரத்தின் வேலையை, இயன்ற அளவு, இப்போது அந்த அழைப்பு செய்கிறது.